சி டிரைவில் இருந்த மயில்

விருதுநகரில் அண்ணன் மகளுக்குக் காது குத்து முடிந்து பிரீத்திகா சிவகாசி வீட்டுக்குத் திரும்பியபோது, ஹாலின் மூலையில் இருந்த கம்ப்யூட்டர் அநியாயத்துக்குச் சுத்தமாக இருந்தது. திரையில் தூசி இல்லை. கீபோர்டு இடுக்கில் சேர்ந்திருந்த முறுக்குத் தூளைக்கூட யாரோ தட்டிவிட்டிருந்தார்கள். பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டாள். முன்பெல்லாம் அடுப்படிக்குப் போய் காபி போட்டு எடுத்து வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும் மெஷின் உடனே விழித்துக்கொண்டது. வெறும் நீலத் திரை. ஓரத்தில் குப்பைத்தொட்டிப் படம் ஒன்று. வேறு எதுவும் இல்லை.

"பாத்தியா, எப்படி ஓடுதுன்னு?" ஹரிஷ்குமார் பின்னால் வந்து நின்றான். மனைவிக்குப் புதுப் புடவை எடுத்து வந்தவனைப் போல முகமெல்லாம் பூரிப்பு. "மெஷின் ஸ்லோவா இருக்கு, ஸ்லோவா இருக்குன்னு பொலம்புவேல்ல. நீ ஊருக்குப் போன நேரமாப் பாத்து ஃபார்மட் அடிச்சுட்டேன்."

"டெஸ்க்டாப்புல இருந்ததெல்லாம் எங்க?"

"எது?"

"என் டிசைன் எல்லாம். பட்டாசு லேபிளு, காலண்டரு, கல்யாணப் பத்திரிகை. எல்லாம் அதுலதான் இருந்துச்சு."

"அதெல்லாம் டி டிரைவுல இருக்கும்ல. நான் டியத் தொடவே இல்ல. சிய மட்டுந்தான் அடிச்சேன்."

 டெஸ்க்டாப் என்பது கண்ணுக்கு நேராகத் தெரிகிறதே தவிர, அது தனியாக ஓர் இடம் இல்லை. அதில் போட்டுவைக்கிற ஒவ்வொன்றும் சி டிரைவின் வயிற்றுக்குள்தான் கிடக்கும். சியை அழித்தால் அதுவும் போகும். இது பிரீத்திகாவுக்குத் தெரியும். டி டிரைவுக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்று அவளும் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. ஆனால் அங்கே இவன் இறக்கிவைத்த சினிமாப் படங்கள் மூச்சுவிட இடமில்லாமல் நிறைந்திருந்தன.

"பேக்கப் எடுத்தீகளா?"

"எடுத்தேனே. கல்யாண போட்டோ, அப்பாவோட ஜிஎஸ்டி ஃபைலு, என் கிரிக்கெட் வீடியோ எல்லாம் பத்திரமா இருக்கு."

"டெஸ்க்டாப்ப?"

அவன் கொஞ்சம் தடுமாறினான். பிறகு குரலை உயர்த்தினான். "அதுல என்ன இருந்துச்சு? நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் ரெண்டு, ஃபைனல், ஃபைனல் ஃபைனல், இதுதான் ஃபைனல்! பாக்குறவன் என்ன நெனப்பான்? குப்பைன்னுதான் நெனப்பான். நீ பேர ஒழுங்கா வச்சிருந்தா நான் ஏன் அழிக்கப் போறேன்?"

அந்தக் கேள்வியில்தான் அவளுக்கு உச்சி கொதித்தது. பெயர் வைத்த லட்சணம் அவளுக்கே தெரியும். ஒரு லேபிளை அனுப்பினால் கஸ்டமர்கள் நிறத்தை மாற்றச் சொல்வார்கள், மாற்றினால் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்வார்கள், கடைசியில் முதலில் போட்டதே நன்றாக இருந்தது என்பார்கள். சோறு வடிக்கிற நேரத்துக்கும் குளிக்கிற நேரத்துக்கும் நடுவில் உட்கார்ந்து போடுகிறவள் கைக்கு வந்த பெயரைத் தட்டித் திரையிலேயே போட்டுவிடுவாள். ஆனால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள்.

"என் மேசைமேல காகிதம் கலைஞ்சு கெடந்தா, என்ன ஏதுன்னு கேக்காம அடுப்புல போட்டுருவீகளா?" என்றாள். "ஒரு போன் போட்டுக் கேக்க வேண்டாமா? விருதுநகரு என்ன வெளிநாடா?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

"வந்ததும் வராததுமா என்ன சத்தம்?" அடுப்படியிலிருந்து மாமியார் சொர்ணலட்சுமி எட்டிப் பார்த்தார். விஷயத்தை மகன் சொன்னதும் சிரித்தேவிட்டார். "இதுக்குத்தானா? போனாப் போகுது விடு. மறுபடி வரைஞ்சா வந்துட்டுப் போகுது. பொம்மைதானே."

 பிரீத்திகா குனிந்து, கம்ப்யூட்டர் ஒயரைச் சுவரிலிருந்து ஒரே இழுப்பாகப் பிடுங்கினாள்.

*

பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் முனியராஜ் சர்வீஸ் கடை வைத்திருந்தான். ஆட்டோவில் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு போனாள். ஹரிஷ்குமார் பைக்கில் பின்னாலேயே வந்தான். வழியில் ஆட்டோக்காரர் எதையோ விசாரித்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சம்பந்தமில்லாத அந்த மனுஷனைத் திட்டிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

"ஒடனே கரண்ட நிறுத்துனது நல்லதுக்கா," என்றான் முனியராஜ். "அழிச்சாலும் உள்ள இருக்கிறது சட்டுனு போயிராது. அதுக்கு மேல வேற எதையாவது ஏத்துனாத்தான் போகும். அடிச்சதுக்கு அப்புறம் ஏதும் ஏத்துனீகளா?"

அவள் புருஷனைப் பார்த்தாள்.

"ரெண்டு மூணு படம்," என்றான் ஹரிஷ்குமார். "டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமேன்னு."

"அப்போ அந்தப் படம் உக்காந்த இடத்துல இருந்தது போனதுதான். மிச்சத்த எடுத்துரலாம். ஆனா ஒண்ணுக்கா, பேரு வராது. ஃபோல்டரும் வராது. எல்லாம் வெறும் நம்பரா வந்து குவியும். ஒவ்வொண்ணாத் தொறந்து பாத்துத்தான் எது எதுன்னு கண்டுபிடிக்கணும்."

வீட்டுக்கு வந்தபோது மாமனார் சீனிவாசகம் தன் பிரிண்டிங் பிரஸ்ஸிலிருந்து சாப்பிட வந்திருந்தார். ஆடி பிறக்கப்போகிறது. காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் ஒரு பக்கம், தீபாவளி லேபிள் ஒரு பக்கம் என்று பிரஸ்ஸில் மூச்சுவிட நேரமில்லை. இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே மகனிடம் சொன்னார்: "வெம்பக்கோட்டை பட்டாசுக் கம்பெனி ராஜபாண்டியன் போன் பண்ணாரு. போன வருசம் புஸ்வாணம் டப்பாவுக்கு மயில் லேபிள் போட்டோம்ல, அதேதான் வேணுமாம். நிறத்த மட்டும் மாத்தணுமாம். அந்த ஃபைல எடுத்து அனுப்பச் சொல்லு."

அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தது பிரீத்திகாதான். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அவளுக்கு வேலை இப்படித்தான் வந்து சேரும். மாமனார் மகனிடம் சொல்வார். மகன் அவளிடம் சொல்வான். போட்டு முடித்ததும் அதே வழியில் திரும்பிப் போகும். கஸ்டமர்களைப் பொறுத்தவரை பிரஸ்ஸில் யாரோ ஒரு டிசைனர் இருந்தார்.

ஹரிஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னான்.

பெரியவர் கை இலையிலேயே நின்றது. "ஏலே, கூறு இருக்கா ஒனக்கு? கம்பெனி ஆர்டருலே அது! அவரு கிட்ட நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"அடப்பாவி, லேபிளா போச்சு?" சொர்ணலட்சுமி நெஞ்சில் கை வைத்தார். "ஆர்டருன்னு மொதல்லயே சொல்லக் கூடாதா?"

ரசப் பாத்திரம் தரையில் ணங்கென்று உட்கார்ந்தது. தெறித்த ரசம் மாமனாரின் வேட்டி ஓரத்தில் பட்டது.

"காலைல நான் சொன்னப்ப பொம்மை. இப்ப மாமா சொன்னா ஆர்டரா அத்தை?" பிரீத்திகாவின் குரல் உயர்ந்தது. "அதே மயிலுதான். அதே கைதான் வரைஞ்சுச்சு. என்னோடதா இருந்த வரைக்கும் போனாப் போகுது. உங்களோடதுன்னு தெரிஞ்சதும் நெஞ்சு பதறுது!"

 அந்த வீட்டில் சீனிவாசகம் சாப்பிடும்போது இதற்கு முன் யாரும் குரலை உயர்த்தியதில்லை. அவள் ஒரு துணியை எடுத்து ரசத்தைத் துடைத்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை.

*

முனியராஜ் மீட்டுக் கொடுத்தவை ஒரு புது ஹார்ட் டிஸ்கில் வந்தன. திறந்தால் முழுக்க முழுக்க எண்கள். எது லேபிள், எது கல்யாணப் பத்திரிகை, எது உடைந்து போய்த் திறக்க மறுக்கிற ஃபைல் என்று எதுவும் தெரியவில்லை. பிரீத்திகா நாற்காலியை இழுத்துப் போட்டாள். புருஷனைப் பார்த்து, "உக்காருங்க," என்றாள்.

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"அழிக்கத் தெரிஞ்சுதுல்ல."

அவன் உட்கார்ந்தான்.

"மொதல்ல டியில ஒரே ஒரு ஃபோல்டர். 'டிசைன்'னு பேரு. அதுக்குள்ள கம்பெனிக்கு ஒண்ணு. கம்பெனிக்குள்ள வருசத்துக்கு ஒண்ணு. அம்புட்டுதான், அதுக்கு மேல ஆழமாப் போகாதீக, தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஃபைலுக்குப் பேரு வைக்கிறப்ப மொதல்ல கம்பெனி, அப்புறம் சரக்கு, அப்புறம் வருசம், கடைசியா எத்தனாவது திருத்தம்னு ஒரு நம்பரு. ஃபைனல்ங்கிற பேரு இனிமே இந்த வீட்டுல கெடையாது. அது என் தப்பு, திருத்திக்கிடுறேன்."

"டெஸ்க்டாப்புல?"

"ஒண்ணும் இருக்கக் கூடாது. உங்க படம் எல்லாத்தையும் பென் டிரைவுல ஏத்தி டியக் காலி பண்ணுங்க. நான் இனிமே ஞாயித்துக்கிழமதோறும் எல்லாத்தையும் இன்னொரு டிஸ்குல காப்பி எடுத்து என் பீரோவுல வைப்பேன். சாவி என்கிட்ட இருக்கும்."

பிரஸ்ஸிலிருந்து சாப்பிட வரும் மத்தியானங்களில் ஹரிஷ்குமார் ஒவ்வொரு எண்ணாகத் திறந்தான். மத்தாப்பு டப்பா வந்தது. சங்குசக்கரம் வந்தது. ஆலங்குளத்துக் கடைக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகை வந்தது. ஒரே சாட்டைப் பட்டாசு லேபிள் பதினோரு உருவத்தில் வந்தது. முதலில் அவன் எல்லாம் ஒன்றுதானே என்றான். அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான், ஒன்றில் தீப்பொறி இடது பக்கம் சாய்ந்திருப்பதும் இன்னொன்றில் எழுத்துக்கு நிழல் போட்டிருப்பதும் கண்ணில் பட்டன.

"இதெல்லாம் நீயா போட்ட?" என்றான். நிஜமான ஆச்சரியம்.

அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். அவளுக்கோ மேலும் எரிந்தது. இதே ஹாலில், இவன் டிவி பார்க்கிற சோபாவுக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்துதான் இத்தனையையும் போட்டாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

எல்லாம் முடிந்தது என்று அவன் கூப்பிட்ட அன்று வந்து பார்த்தாள். ஒழுங்காகத்தான் அடுக்கியிருந்தான். கடைசியில் ஒரு ஃபோல்டர். பெயர், 'வேஸ்ட்'. திறந்தாள். ஆனைக்குட்டம் அணையில் மதகு திறந்த அன்று அவள் வரைந்தது. சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்குகிற பெண்கள், முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி வெள்ளி மாதிரி ஒட்டியிருக்க. செவ்வந்தி மாலை கட்டுகிற தன் அம்மாவின் விரல்கள். யாரும் கேட்காமல் அவளாகவே வரைந்தவை.

"இத யாரு வேஸ்டுன்னு சொன்னது?"

அவன் எழுந்தே நின்றுவிட்டான். "இல்ல... எதுலயும் கம்பெனி பேரு இல்ல. எந்தக் கம்பெனியோடதுன்னு தெரியல. அதான்..."

"என் கம்பெனி. பேர மாத்துங்க."

அவன் மறுபடி உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி 'பிரீத்திகா' என்று அடித்தான். பிறகு திரும்பாமலே சொன்னான்: "தப்புதான் பிரீத்தி. ஃபார்மட் அடிச்சத மட்டும் சொல்லல."

அவள் கேட்டுக்கொண்டாள். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. 

*

மயில் கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காகச் சுருக்கிய சின்னப் படம் ஒன்று மட்டும் இருந்தது. அதைப் பெரிதாக்கி அச்சடித்தால் தோகை கட்டம் கட்டமாக உடையும். அசல் ஃபைல் இருந்த இடத்தில் ஏதோ ஒரு சண்டைப் படம் உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் சீனிவாசகம் பிரஸ்ஸுக்குக் கிளம்பியவர், செருப்பைப் போட்ட பிறகு கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"எம்மா. அந்த மயிலு... திரும்பப் போட முடியுமா?"

அவளிடம் நேராக அவர் வேலை கேட்டது அதுவே முதல் தடவை.

"முடியும் மாமா. ஆனா அந்த அண்ணாச்சி நம்பர என்கிட்ட குடுங்க. என்ன வேணும்னு நானே கேட்டுக்கிடுறேன். இனிமே எந்த லேபிளுக்கும் நடுவுல ஆளு வேண்டாம்."

"அவரு ஒரு மாதிரி வெடுக்குனு பேசுவாரும்மா."

"நானும் அப்படித்தான் மாமா. பாத்தீகள்ல."

அவர் வேட்டியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நம்பரை வாசித்தார்.

ராஜபாண்டியன் எடுத்த எடுப்பிலேயே, "சீனிவாசகம் இல்லயா? நீ யாரும்மா?" என்றார்.

"உங்க மயில வரைஞ்சவ."

"பொம்பளப் பிள்ளையா? சரி சரி. இங்க பாரு, நிறம் மட்டும் மாத்துனாப் பத்தாது, இந்தத் தடவ தோகை டப்பா பூரா வரணும். அந்தக் கடைசியில இருந்து இந்தக் கடைசி வரைக்கும்."

"அப்படிப் போட்டா தோகை மடிப்புக்குள்ள போயிரும் அண்ணாச்சி. கடையில டப்பாவ அடுக்குனா வெறும் பச்சையாத்தான் தெரியும், மயிலே தெரியாது."

"நான் எம்புட்டு வருசமா கம்பெனி நடத்துறேன் தெரியுமா?"

"தெரியும். உங்க டப்பாவ எம்புட்டு வருசமா நான் வரையுறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கத்தினார். அவளும் கத்தினாள். கொஞ்ச நேரம் இரண்டு பேர் சொன்னதும் இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. சொர்ணலட்சுமி கையில் கரண்டியோடு வந்து அடுப்படி வாசலில் நின்றவர், அப்படியே உள்ளே போய்விட்டார். கடைசியில் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"சரி, ஒனக்கு எது சரின்னு படுதோ போடு. சாயங்காலம் அனுப்பிரு."

"சாயங்காலம் முடியாது அண்ணாச்சி. நாளைக்கு மத்தியானம்."

போனை வைத்தாள். சோபாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஹரிஷ்குமார், "திட்டுனாரா?" என்றான்.

"திட்டுனாரு. நானும் திட்டுனேன். நீங்க போயி ஒரு காபி போட்டுக் கொண்டாங்க."

அவன் போனான். கோபம் இன்னும் கனமாகத்தான் இருந்தது. அது சீக்கிரம் கரையும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கரைய வேண்டிய அவசியம் இருப்பதாகவும் தோன்றவில்லை. வெம்பக்கோட்டை ஃபோல்டரைத் திறந்து, இந்த வருஷத்துக்கு ஒன்று உண்டாக்கி, புது ஃபைலுக்குப் பெயரை அடித்துச் சேமித்தாள். பிறகு மயிலின் கழுத்திலிருந்து வரையத் தொடங்கினாள்.