குவாரி ரோட்டுக் கேபிள்

அப்பாவின் வீட்டில் அவருடைய வெள்ளைச் சட்டைக் காலரைக் கொலெட் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தபோது கணவன் கார்டன் பின்வாசல் வழியாக உள்ளே வந்தான். நாளைக்கு அப்பாவுக்கு அடக்கம். உடம்புக்குப் போட வேண்டிய துணியைப் பத்து மணிக்குள் அடக்க ஏற்பாடு செய்பவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும்.

"காலையிலேருந்து போன் போடுறேன்," என்றான்.

"ராத்திரி மழை பெஞ்சிருக்கே. இந்த வீட்டுல போன் எப்படி அடிக்கும்?"

அவன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மலைச்சரிவில் இந்தக் குவாரி ரோட்டுக்கு மொத்தம் பதினொரு வீடுகள். டிவி, போன் இரண்டுக்கும் ஒரே பழைய கேபிள். மலை மறைப்பதால் செல்போனுக்கு சிக்னலும் கிடையாது. கேபிள் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் அந்தக் கேபிளைக் கம்பம் கம்பமாக ஏறிக் கட்டியவர் அப்பா அர்மான்ட்தான். இப்போது ஒரு மழைக்குத் தாங்காது. கம்பெனிக்கு ஊர்மன்றம் கொடுத்த பத்து வருட உரிமம் இந்த ஆண்டோடு முடிகிறது. புதுப்பித்துக் கொடுக்குமுன் கேபிளை மாற்றித் தருவதாக எழுதி வாங்குங்கள் என்று இரண்டு வருடமாக ஊர்மன்றக் கூட்டம் ஒன்று விடாமல் போய் நின்றார். மன்றத்தில் ஐந்து பேர். அதில் ஒருவன் கார்டன்.

செவ்வாய்க்கிழமை காலை சமையலறையில் விழுந்தார். பக்கத்து வீட்டு ஹாட்டி வந்து பார்த்தபோது போன் ரிசீவர் அவர் கையில் இருந்தது. அன்றும் மழை.

"நேத்து கூட்டத்துல கையெழுத்தாயிடுச்சு," என்றான் கார்டன். "இன்னும் பத்து வருஷம்."

"அப்பா கேட்டது?"

"ஊருக்குள்ள எல்லாத்தையும் மாத்துறாங்க. பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம், எல்லாத்துக்கும் ஃபைபர்."

"குவாரி ரோடு?"

"பதினொரு வீடு, கொலெட். கட்டுப்படியாகாதுன்னு ஒத்தக்கால்ல நின்னுட்டாங்க. அதுக்குப் பதிலா ஊர் டிவி சேனலுக்குப் புது ஸ்டூடியோ தர்றாங்க. அதுக்கு உங்கப்பா பேரு வைக்கணும்னு நாந்தான் கேட்டேன். சரின்னுட்டாங்க."

அவள் சட்டையைத் திருப்பிப் போட்டு முதுகுப் பக்கத்தைத் தேய்த்தாள்.

"எத்தனை பேர் கை தூக்குனீங்க?"

"அஞ்சு பேரும்."

"ரிசீவர் அவரு கையில இருந்ததைச் சொன்னியா?"

"அதைப் போய் அங்க எப்படிச் சொல்றது? போன் வேலை செஞ்சிருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டாருன்னுதானே டாக்டர் சொன்னார்?"

"சந்தேகம்தான்னு சொன்னார். மாட்டாருன்னு சொல்லல."

கார்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் சட்டையை ஹேங்கரில் மாட்டி, மேலிருந்து கீழ்வரை எல்லாப் பித்தானையும் போட்டாள். பிறகு காரில் தனியாகவே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை அடக்கம் முடிந்து, மாதா கோயில் நிலவறையில் சாப்பாடு. பன்றிக்கறி ரொட்டியை மென்றுகொண்டே ஹாட்டி அவள் கையைப் பிடித்தாள்.

"உங்கப்பன் தினம் காலையில வந்து, ‘கிழவி, இன்னும் சாகலையா?’ன்னு கேட்டுட்டுப் போவான். செவ்வாக்கிழமை வரலைன்னுதான் நான் போய்ப் பாத்தேன். எனக்கு எண்பத்திரெண்டுடி. நான் விழுந்தா யாரு வந்து பாப்பாங்க?"

கிழவியின் தட்டு காலியாயிருந்தது. இன்னும் கொஞ்சம் பீன்ஸ் கொண்டு வருவதாகச் சொல்லிக் கொலெட் அடுப்பறைக்குப் போனாள்.

சூடான பீன்ஸ் பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தபோது கார்டன் எதிரே நின்றான். கூடவே கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர்.

"கம்பெனி மேனேஜர். உன்னைப் பார்த்துட்டுப் போகணும்னு வந்திருக்கார்."

"உங்கப்பா எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரிங்க," என்றார் அவர். "எங்களோட எவ்வளவு சண்டை போட்டாலும், போறப்ப கைகுலுக்கிட்டுத்தான் போவாரு." கையை நீட்டினார்.

பக்கத்திலேயே மேசை இருந்தது. யாரோ தட்டுகளை எடுத்து அதில் இடமும் ஒதுக்கிவிட்டார்கள்.

"வச்சிடு, கொலெட்," என்றான் கார்டன், மெதுவாக.

துணியைத் தாண்டிச் சூடு விரல்களில் ஏறியது. அவள் பாத்திரத்தை மார்போடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவர் நீட்டிய கை மடங்கும்வரை அங்கேயே நின்றாள்.