அக்கோரு அனுப்பிய செய்திகள்

எட்டாம் வகுப்பு பி பிரிவில் நாற்பத்தாறு பிள்ளைகள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கங்காம்பிகா டீச்சர். வயது ஐம்பத்துமூன்று. வலது முழங்காலில் பழைய வலி, கட்டைவிரலில் புது வலி. கட்டைவிரல் வலிக்குக் காரணம் தலைமையாசிரியர் ருத்ரமுனி.

அவர் ஜூன் மாதம் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு, புதுமாப்பிள்ளை போல முகமெல்லாம் பளபளக்கத் திரும்பி வந்தார். பெற்றோரோடு தினமும் தொடர்பில் இருந்தால் பிள்ளைகள் தானாகத் திருந்திவிடுவார்களாம். எந்தப் பிள்ளை என்ன தப்பு செய்தது என்று அன்றன்றைக்கே வகுப்பு ஆசிரியர் வீட்டுக்கு வாட்ஸப் அனுப்ப வேண்டும். அனுப்பியதைப் படமெடுத்து அவருக்கும் காட்ட வேண்டும். போன் போட்டுப் பேசினால் ஆகாதா என்று கங்காம்பிகா கேட்டதற்கு, "பேச்சுக்கு சாட்சி ஏது மேடம்?" என்றார்.

"சரி சார்," என்று சொல்லிவிட்டு வந்தார். இருபத்தாறு வருடத்தில் இப்படி எத்தனையோ திட்டங்களுக்குச் சரி சார் சொல்லியாகிவிட்டது. எதிர்த்துப் பேச வேண்டுமென்றால் அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும்.

முதல் மாதம் மரியாதையாக, வணக்கத்தோடு எழுதினார். அப்புறம் வணக்கம் போயிற்று. தீபாவளிக்குள் பிள்ளையின் பெயரும் குற்றமும் மட்டும் மிஞ்சின. அதிகமாகப் போனது ஒரே எண்ணுக்குத்தான், சிஞ்சனா வீட்டு எண்ணுக்கு. 'பாடம் நடக்கும்போது விசிலடித்தாள்.' 'இரண்டு பெண்களின் துப்பட்டாவைப் பெஞ்சோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள்.' 'கணக்கு நோட்டில் என்னை ஆந்தையாக வரைந்தாள்.' இப்படி எட்டு மாதத்தில் எத்தனை அனுப்பினார் என்று அவருக்கே நினைவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஐந்தே நிமிடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கூப்பிய கைகள் பதிலாக வந்துவிடும். மகளிடம் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. என்ன ஜென்மம் இந்தத் தாய், கும்பிட்டே காலத்தை ஓட்டுகிறாளே என்று கங்காம்பிகாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை சிஞ்சனா மோகித் என்ற பையனின் முன்பல்லை உடைத்துவிட்டாள். சண்டையை யார் ஆரம்பித்தது என்று யாரும் கேட்கவில்லை. பல் பையன் கையில் இருந்தது, அது போதுமான சாட்சியாக இருந்தது.

"முச்சளிக்கை எழுதி வாங்கிடுங்க மேடம்," என்றார் ருத்ரமுனி. இன்னொரு தப்பு நடந்தால் டி.சி. வாங்கிக்கொண்டு போகிறோம் என்று பெற்றவர்கள் எழுதித்தரும் தாள் அது. "சனிக்கிழமைக்குள்ள அம்மா வரலைன்னா அவ வகுப்புக்குள்ள காலை வைக்கக் கூடாது."

கங்காம்பிகா அன்று அனுப்பியது இதுதான்: 'பையனின் பல்லை உடைத்துவிட்டாள். இவளை வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியாது. சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கட்டாயம் வரவும்.' கூப்பிய கைகள் வந்தன.

பள்ளிக்கு வரும் பெற்றோர் இரண்டே ஜாதி. அழுகிறவர்கள், சண்டைக்கு வருகிறவர்கள். சனிக்கிழமை ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்ற ஹாலம்மா இரண்டிலும் சேரவில்லை. மடிப்புக் கலையாத மஞ்சள் பட்டுப்புடவை, தலையில் மல்லிகை, வாயெல்லாம் சிரிப்பு. மண்டக்கி பட்டி எனும் பொரிச் சூளையில் வறுக்கிறவள் என்பது விரல் நுனியில் ஏறிப்போயிருந்த கரியில் மட்டும் தெரிந்தது. கையில் பை நிறைய மண்டக்கிப் பொரி, அதன் மேல் தாளில் சுற்றிய மிளகாய் பஜ்ஜி. பின்னால் சிஞ்சனா, சுவரோடு ஒட்டிக்கொண்டு நகத்தைக் கடித்தபடி நின்றாள்.

"நீங்கதான் அந்த அக்கோரா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து டீச்சரின் காலைத் தொட்டாள் ஹாலம்மா. அந்தப் பக்கத்துப் பெண்கள் டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "எத்தனை நாளா பார்க்கணும்னு இருந்தேன் தெரியுமா அக்கோரே! பட்டியில லீவு விடமாட்டான். இன்னிக்கி நீங்களே கூப்பிட்டிருக்கீங்கன்னதும், போடா நீயுமாச்சு உன் அடுப்புமாச்சுன்னு வந்துட்டேன்."

"உக்காருங்கம்மா. எதுக்குக் கூப்பிட்டேன்னு…"

"பஜ்ஜி ஆறிடும், முதல்ல ஒண்ணு வாயில போடுங்க. வேலை வேலைன்னு கிடந்து முகமே வாடிப்போச்சே! நாற்பத்தாறு பிள்ளைங்க, அத்தனைக்கும் நடுவுல என் மகளைப் பத்தி மட்டும் விடாம எழுதுறீங்களே, எந்த ஜென்மத்துப் புண்ணியமோ! தண்ணிப் பானையை ஒத்தையாளாத் தூக்கிட்டு வந்து எல்லாருக்கும் ஊத்தினான்னு எழுதினீங்க. காய்ச்சல்ல கிடந்த பிள்ளைக்கு நோட்டு எழுதிக் குடுத்தான்னு எழுதினீங்க. பாட்டு வாசிச்சா கிளாஸே கம்முனு கேக்குதுன்னு எழுதினீங்க. எனக்கு எல்லாம் மனப்பாடம்."

கங்காம்பிகா சிஞ்சனாவைப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை.

"உங்களுக்கு யாரும்மா படிச்சுக் காட்டுறது?"

"இவதான். எனக்கு எழுத்து வாசனையே கிடையாது அக்கோரே. போனை இவதான் வெச்சிருப்பா. ராத்திரி ரொட்டி தட்டுறப்போ பக்கத்துல உக்காந்து படிப்பா. எங்கண்ணன் திப்பேசாமியும் வந்து உக்காந்துடுவான். வயசு பதிமூணாச்சு, படிச்சது போதும், பட்டியில சல்லடை பிடிக்கட்டும்னு போன வருஷமெல்லாம் ஒத்தைக்கால்ல நின்னவன். உங்க எழுத்தைக் கேட்டுக் கேட்டு இப்ப வாயை மூடிக்கிட்டான். அக்கோரே இவ்வளவு சொல்றாங்கன்னா படிக்கட்டும்ங்கறான்."

கங்காம்பிகாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எட்டு மாதம் கட்டைவிரல் தேய எழுதியதெல்லாம் இந்தக் குட்டியின் வாயில் வேறு கதையாகிப் போயிருக்கிறது. சொல்லிவிடலாம். சொன்னால் திங்கட்கிழமை இவள் கையில் சல்லடை இருக்கும். வகுப்பு நிம்மதியாக இருக்கும், அதுவும் பொய்யில்லை.

ஹாலம்மா இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். "ஒரு ஆசை அக்கோரே. வெள்ளிக்கிழமை முழுக்க இவ வாயே திறக்கல, நீங்க பார்க்கணும்னு எழுதியிருக்கீங்கன்னு மட்டும் சொன்னா. உங்க வாயாலயே ஒரு தரம் படிங்களேன்."

போனை வாங்கிக்கொண்டார். அவர் எழுதிய வரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. தன் எழுத்தைத் தானே வரிசையாகப் படித்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மேஜைமேல் முச்சளிக்கைத் தாள் கிடந்தது. படித்துக் காட்டாமல் இந்தப் பெண்ணிடம் கைநாட்டு வாங்கிவிடலாம், சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போவாள். அந்த அளவுக்குத் தாழ்ந்துபோக அவருக்கு மனம் வரவில்லை.

"ஹாலம்மா, இவ ஒரு பையனோட பல்லை உடைச்சிருக்கா. அதுக்குத்தான் கூப்பிட்டேன். இதுல எழுதியிருக்கறதும் அதுதான்."

சிரிப்பு உடனே போகவில்லை, கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. "அப்போ… பானை தூக்கினது?"

"அதெல்லாம் நான் எழுதல."

ஹாலம்மா மகள் பக்கம் திரும்பினாள். திட்டவில்லை, கையும் ஓங்கவில்லை. "ஏ புள்ள, அத்தனையும் நீயா கட்டினே?" என்று மட்டும் கேட்டாள்.

"மாமா பட்டிக்கி அனுப்பிடுவாருல்ல அவ்வா," என்றாள் சிஞ்சனா தாயிடம். விசிலடிக்கிற அந்த வாயிலிருந்து குரலே எழும்பவில்லை.

ஹாலம்மா பட்டுப்புடவை முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு டீச்சரிடம் கேட்டாள். "போகட்டும் அக்கோரே. நீங்க எழுதினதுல நல்லதா ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு இருக்கும்ல? அதைப் படிங்க."

கங்காம்பிகா போனை மேலே மேலே தள்ளினார். ஜனவரி. டிசம்பர். தீபாவளி. ஆகஸ்ட். ஒன்றாவது இருக்கும் என்று நம்பித்தான் தேடினார். ஜூன் மாதத்து முதல் வரியில் போய் முட்டி நின்றார். வணக்கம் இருந்தது, அதற்குக் கீழே விசில் இருந்தது. வெட்கமாக இருந்தது அவருக்கு. வகுப்பு முன்னால் கணக்குத் தவறாகிப்போனபோதுகூட இத்தனை வெட்கமாக இருந்ததில்லை.

"இல்லம்மா. ஒண்ணுகூட இல்ல."

"எட்டு மாசத்துலயுமா?"

கங்காம்பிகா வருகைப் பதிவேட்டைத் திறந்தார். கை எதையாவது செய்ய வேண்டியிருந்தது, வேறு காரணமில்லை. சிஞ்சனாவின் பெயருக்கு நேரே விரலை ஓட்டியவர் அடுத்த பக்கத்துக்குப் போனார், அதற்கடுத்த பக்கத்துக்கும் போனார். மற்றப் பெயர்களுக்கு நேரே எல்லாம் இடையிடையே வராத நாட்களின் சிவப்பு. இவள் வரிசையில் ஒரு சிவப்பு கிடையாது. மழையில் பாதி வகுப்பு வராத வாரத்தில்கூட வந்திருக்கிறாள். தினமும் பெயர் கூப்பிட்டவர் இவர்தான். கவனித்ததில்லை.

தன் போனை எடுத்து, மெதுவாக, பெயரும் வணக்கமும் போட்டு எழுதினார். ஹாலம்மாவின் போன் மேஜைமேல் கிணுகிணுத்தது.

"படி," என்றார் சிஞ்சனாவிடம். "இருக்கறதை இருக்கற மாதிரி படி."

கட்டிச் சொல்லும்போது மடமடவென்று வந்திருக்கும். இப்போது எழுத்துக்கூட்ட வேண்டியிருந்தது. "ஹாலம்மாவுக்கு வணக்கம். சிஞ்சனா ஜூன் முதல் இன்றுவரை… ஒரு நாள்கூட… பள்ளிக்கு வராமல் இருந்ததில்லை. என் வகுப்பில் இப்படி வேறு யாரும் இல்லை."

ஹாலம்மா முச்சளிக்கையை வரி விடாமல் படிக்கச் சொல்லிக் கேட்டு, கரியேறிய விரலை வைத்தாள். "பல்லு உடைச்சது என்னோட இருக்கட்டும் அக்கோரே. அதுக்கு நான் பார்த்துக்கறேன். எங்கண்ணன் காதுக்கு இது போதும்," என்று போனை எடுத்துக்கொண்டாள். "இனிமே போன் என் இடுப்புலதான் இருக்கும். எழுதாதீங்க, கூப்பிடுங்க."

மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கங்காம்பிகா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹாலம்மா மணியடிக்கும் இடத்தில் பியூன் ஓங்காரப்பாவை நிறுத்தி, போனை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பிறகு வாசல் கேட் வரைக்கும் போய், வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பெண்ணிடம் நீட்டினாள். அவளுக்கும் படிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது, வழியே போன ஒரு கல்லூரிப் பையனை ஹாலம்மா கைதட்டிக் கூப்பிட்டாள். அவன் படித்தான். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தான்.

அதற்குப் பிறகுதான் ஹாலம்மா மகளின் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்து, அவளைத் திருப்பி, முதுகில் கைவைத்து வகுப்புப் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.