கறுப்புச் சட்டையில் ஒரு கை

எங்கள் கடையில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். கணினிக்கு முன்னால் இருக்கிற நாற்காலி. மற்றதெல்லாம் நிற்கிற வேலை. சட்டையை விரிக்க நிற்க வேண்டும், சூட்டு இயந்திரத்தில் வைத்து அழுத்த நிற்க வேண்டும், மடித்துப் பையில் போட நிற்க வேண்டும். பாதி ஆயுள் சாலைக்குத் தார் போட்ட முதுகு எனக்கு. கொஞ்ச நேரம் நின்றால் இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் மின்சாரம் மாதிரி இழுக்கும். உடம்பு முடியவில்லை, உதவிப் பணம் கொடுங்கள் என்று ஆள் வைத்து அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டதற்கு, உட்கார்ந்து செய்யும் வேலைக்கு நீ லாயக்கு என்று பதில் வந்தது. ஷ்ரீவ்போர்ட் ஊர் முழுக்கத் தேடியும் எனக்குக் கிடைத்த அப்படிப்பட்ட வேலை இந்த ஒரு நாற்காலிதான். பின்னறையில், ஜன்னல் இல்லாத மூலையில், சூட்டு இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நாற்காலி.

கடை மிஸ் வெர்டெலுடையது. ஊரில் யாராவது செத்தால் சட்டைக்கு இங்கேதான் வருவார்கள். நடுவில் இறந்தவரின் படம், பின்னால் மேகம், வானத்துக்குப் போகிற படிக்கட்டு, இரண்டு புறா. கீழே 'உதயம்' என்று பிறந்த நாள், 'அஸ்தமனம்' என்று போன நாள். சனிக்கிழமை குடும்பம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போகும்.

நான் சேர்ந்தது சட்டை மடிக்க. அப்போதுதான் தேவாலயத்துக் கீழறையில் பெரியவர்களுக்கான வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தேன். நாற்பத்தாறு வயது. யார் துணையும் இல்லாமல் நானே படித்த முதல் சொற்கள் கடையின் பழைய கணினியில் இருந்தன. 'திற'. 'வெட்டு'. 'ஒட்டு'. 'அடுக்கு'. படம் திருத்துகிற அந்தப் பழைய மென்பொருளில் எல்லாமே சொல்தான். ஒரு சொல்லைத் தொட்டால் அதன் கீழே இன்னும் பத்துச் சொற்கள் இறங்கும். நான் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படிப்பேன். படித்ததைச் செய்து பார்ப்பேன். அப்படியே மேகம் போடவும் ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்து எடுக்கவும் வந்துவிட்டது. நாற்காலியும் வந்தது.

இந்த வருஷம் அந்தக் கணினி இழுத்துக்கொண்டு கிடந்தது. பாதி வேலையில் திரை நீலமாகிவிடும். மிஸ் வெர்டெலின் தங்கை மகள் ஜலீசா புதுக் கணினி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். கல்லூரியில் வடிவமைப்புப் படிக்கிறவள், வாயும் கை மாதிரியே வேகம். எந்த மென்பொருளைப் போடுவது என்று மூன்று பேரும் பின்னறையில் நின்று பேசினோம். நான் மட்டும் உட்கார்ந்து.

ஜலீசா இரண்டைக் காட்டினாள். ஒன்று இலவசம். அதில் மேலே வரிசையாகச் சொற்கள் இருந்தன. எனக்கு நெஞ்சு லேசானது. இன்னொன்று மாதா மாதம் வாடகை கட்டுவது. அதில் ஒரு சொல்கூட இல்லை. இடது ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். ஒரு துளி, ஒரு கத்தரி, ஒரு பிளாஸ்திரி, என்னவென்றே புரியாத ஒரு வளையம்.

"இலவசமா இருக்கறதே போதும் மிஸ் வெர்டெல்," என்றேன்.

"ஏன், காசு மிச்சமா? எப்பலேருந்து என் காசு மேல உனக்கு இவ்ளோ அக்கறை?"

"அதுல எழுத்து இருக்கு."

ஜலீசா சிரித்தாள். "மிஸ்டர் ஆல்வி, எழுத்து தேவையே இல்லைன்னுதான் இத செஞ்சிருக்காங்க. படிக்கத் தெரியாதவங்ககூட ஓட்டலாம்."

"படிக்கத் தெரியாம இருந்தப்ப யாரும் எனக்கு இதக் காட்டலையே, பிள்ளை."

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். பிறகு இலவசமானதில் ஒரு படத்தை வைத்து அச்சு இயந்திரத்துக்கு அனுப்பினாள். கறுப்புச் சட்டையில் நிறம் எடுபட வேண்டுமானால் முதலில் அடியில் வெள்ளை விழ வேண்டும். வெள்ளை விழவில்லை. படம் நனைந்த காகிதம் மாதிரி மங்கிக் கிடந்தது. ஏதேதோ மாற்றிப் பார்த்தாள், அப்படியேதான் வந்தது. வாடகை மென்பொருளில் முதல் தடவையே பளிச்சென்று விழுந்தது.

"முடிஞ்சுது பேச்சு," என்றாள் மிஸ் வெர்டெல். "ஆல்வி, உனக்கு இது வரலைன்னா ஜலீசா உக்காரட்டும். நீ அழுத்துற வேலைக்கு வந்துரு. நான் ஒண்ணும் உன்ன வெளிய போகச் சொல்லல."

நிற்க முடியாத எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த வாரம் காகிதத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, என் கையாலேயே சொற்களை எழுதி, திரையின் ஓரத்தில் அந்தந்தப் படத்துக்கு நேராக ஒட்டினேன். துளிக்கு நேராக 'நிறம்'. கத்தரிக்கு நேராக 'வெட்டு'. பிளாஸ்திரிக்கு நேராக 'அழி'. வளையத்துக்கு என்ன எழுதுவது என்று ஜலீசாவுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதைச் சும்மா விட்டேன்.

புதன்கிழமை சிஸ்டர் ஒசெல்லா வந்தாள். என் தேவாலயத்துப் பெண்; அங்கே எல்லோரும் ஒருவருக்கொருவர் சிஸ்டர், பிரதர்தான். அவளுடைய சின்ன மகன் டெமார்லோ நெடுஞ்சாலையில் லாரி மோதிப் போய்விட்டான். அவன் நன்றாக விழுந்த ஒரே படம் அவனுடைய ஃபோனில்தான் இருந்தது. கண்ணாடி நொறுங்கிப்போன அந்த ஃபோனைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஜலீசா கம்பி மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு படத்தை உருவிப் புது மென்பொருளில் போட்டாள். அதைக் கொடுத்துவிட்டு ஃபோன் அணைந்தது. அப்புறம் அது எழவேயில்லை.

படத்தில் டெமார்லோ சிரிக்கிறான். அவன் தோளில் வேறு ஒருவனுடைய கை. ஆள் இல்லை, கை மட்டும். மணிக்கட்டில் பச்சைக் கயிறு.

எங்கள் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. மிஸ் வெர்டெலின் அம்மா காலத்திலிருந்து வருவது. உயிரோடு இருக்கிறவரின் விரல் நுனிகூடச் செத்தவரின் சட்டையில் இருக்கக் கூடாது. செத்தவர் அவரையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்பார்கள். குழுப் படத்தில் யாருடைய தோள் ஒட்டியிருந்தாலும் கேட்காமலே எடுத்துவிடுவோம். பழைய மென்பொருளில் அது முதுகொடிகிற வேலை. பக்கத்துத் துணியைத் துளித்துளியாக எடுத்துக் கையை மூட வேண்டும். புதியதில் பிளாஸ்திரியைத் தொட்டு, கையின் மேல் ஒரு முறை தேய்த்தேன். கை போய்விட்டது. அது இருந்த இடத்தில் சட்டைத் துணி, மடிப்போடு, தையலோடு. பார்க்கவே பயமாக இருந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு தெம்பு. இது நம்மாலும் ஆகும், நாற்காலி போகாது.

மறுநாள் சட்டையின் மாதிரியைப் பார்க்க சிஸ்டர் ஒசெல்லா வந்தாள். என் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். மேகம், படிக்கட்டு, புறா எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு முன்னால் குனிந்தாள்.

"பிரதர் ஆல்வி, கை எங்க?"

"எடுத்துட்டேன் சிஸ்டர். இங்க வழக்கம் அப்படி. யாரோ என்னவோன்னு..."

"யாரோ இல்ல. அது என் ராட்ரிக்."

மூத்தவன் ராட்ரிக் சிறையில் இருப்பது தேவாலயத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் கையை மடியில் கோத்துக்கொண்டாள்.

"சவ அடக்கத்துக்கு அனுப்ப முடியாதுன்னு நேத்து சொல்லிட்டாங்க. தம்பி அடக்கத்துக்கு அவனா வரக்கூடியது அந்தக் கை ஒண்ணுதான். அதத்தான் நீ எடுத்துட்டே."

"ஒண்ணும் ஆகல சிஸ்டர். பழைய படம் பத்திரமா இருக்கு," என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

பழைய மென்பொருளில் ஒரு படத்தை எவ்வளவு கெடுத்தாலும் மூடும்போது அது கேட்கும், 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று. ஆம், இல்லை. நான் முதலில் தெளிவாகப் படித்த முழு வாக்கியம் அதுதான். அந்தக் கேள்வியை நம்பித்தான் எல்லாப் படத்திலும் நேரடியாகக் கை வைத்தேன். 'இல்லை' என்றால் பழையது அப்படியே திரும்பிவிடும். அந்தத் தைரியத்தில் இதையும் மூடினேன். கேள்விக்காகக் காத்திருந்தேன்.

கேள்வி வரவில்லை. திரை வெறுமனே மூடிக்கொண்டது.

மறுபடி திறந்தேன். கை இல்லை. பின்னால் போகிற அம்புக்குறியைத் தொட்டேன். அது சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. மூடாமல் விட்டிருந்தால் அந்த அம்பாவது வேலை செய்திருக்கும். இது ஒவ்வொரு தொடுதலையும் தானாகவே சேமிக்கிற சாதி என்று அப்போதுதான் உறைத்தது.

மிஸ் வெர்டெல் வாசலில் வந்து நின்றாள். "என்ன ஆச்சு?"

"கைய காணோம்."

"நல்லதுதானே."

"அந்தக் கை வேணுமாம்."

ஜலீசா கல்லூரியில் இருந்தாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. "இந்தம்மா படம் போச்சுன்னா ஆல்வி, நாளைக்குக் காலையில இந்த நாற்காலியில ஜலீசாதான்," என்று மிஸ் வெர்டெல் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு முன்கடைக்குப் போனாள்.

அப்புறம் நான் எதையும் தொடவில்லை. தொட முடியவில்லை. எந்தப் படத்தைத் தொட்டாலும் அது ஏதோ செய்யும், செய்ததைச் சேமிக்கும். இடது ஓரத்தில் அத்தனை படங்கள் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. படிக்கத் தெரியாத காலத்தில் பேருந்து நிலையத்துப் பலகைக்கு முன்னால் நிற்பேன். எல்லோரும் பார்த்துவிட்டுப் போவார்கள், நான் மட்டும் நிற்பேன். அதே இடத்துக்கு என்னைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள், இந்தத் தடவை நாற்காலியில். பக்கத்தில் சூட்டு இயந்திரம் கொதித்தது. எழுந்தால் சிஸ்டர் ஒசெல்லாவைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் நகர்கிற மாதிரி இல்லை.

"இங்கதான் இருந்துது," என்று அவள் விரலைத் திரைக்கு நீட்டினாள்.

"தொடாதீங்க சிஸ்டர். தொட்டா அதையும் சேத்து வெச்சுக்கும்."

விரலை இழுத்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் டெமார்லோவின் வெறும் தோளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

ஃபோன் அடித்தபோது எனக்குத் தூக்கிப்போட்டது. ஜலீசா.

"ஏழு தடவ கூப்புட்டிருக்கீங்க. கடை தீப்பிடிச்சிருச்சா?"

சொன்னேன்.

"அவ்ளோதானா. மேல வலது மூலையில கடிகாரம் மாதிரி ஒண்ணு இருக்கும் பாருங்க."

"கடிகாரமா? வட்டமா ஒண்ணு இருக்கு. ஓரத்துல ஒரு கோடு."

"அது பூதக்கண்ணாடி. அத விடுங்க. அதுக்குப் பக்கத்துல."

"பக்கத்துல மேகம். அம்பு போட்ட மேகம்."

"ஐயோ, அதத் தொட்டுடாதீங்க. மேகத்துக்கு அந்தப் பக்கம்."

"இங்கயும் ஒரு வளையம் இருக்கு. வாய் திறந்த வளையம், நுனியில அம்பு. நடுவுல ரெண்டு குச்சி."

"மிஸ்டர் ஆல்வி, அந்த ரெண்டு குச்சிதான் முள்ளு. அதான் கடிகாரம்."

"இதையா கடிகாரம்னு சொல்ற? இதுல யாரு மணி பாப்பாங்க?"

பின்னால் சிஸ்டர் ஒசெல்லா மூக்கால் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். தொட்டேன். திரையின் பக்கத்தில் சின்னச் சின்னப் படங்களாக ஒரு சரம் இறங்கியது. நான் செய்தது ஒவ்வொன்றும் அதில் இருந்தது. கேட்காமல் சேமித்ததையெல்லாம் சொல்லாமல் ஒளித்தும் வைத்திருந்தது. சரத்தின் அடியில், எல்லாவற்றுக்கும் முந்தையதாக, தோளில் கை. பச்சைக் கயிறு.

கையை வைத்துக்கொண்டு மேகத்தையும் புறாவையும் மறுபடி போட்டேன். மிஸ் வெர்டெல் வந்து பார்த்தாள்.

"ஒசெல்லா, உனக்கு வழக்கம் தெரியும். உயிரோட இருக்கற கை அது."

சிஸ்டர் ஒசெல்லா முக்காலியிலிருந்து எழுந்தாள். "உயிரோட இருக்கான்னு நீ சொல்ற வெர்டெல். உள்ள போய்ப் பாத்தியா?"

மிஸ் வெர்டெல் திரும்பினாள். சூட்டு இயந்திரத்திடம் போய் முதல் கறுப்புச் சட்டையை விரித்து, உள்ளங்கையால் சுருக்கத்தை நீவினாள். "அனுப்பு ஆல்வி," என்றாள்.

வெள்ளை விழுந்தது. அதன் மேல் நிறம் விழுந்தது. கை நன்றாக வந்திருந்தது.

சனிக்கிழமை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நானும் போனேன். தேவாலயத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ராட்ரிக்கின் கை.

திங்கட்கிழமை பழைய கணினி இருந்த இடம் காலியாக இருந்தது. "உனக்குத்தான் வந்துருச்சே," என்று மிஸ் வெர்டெல் ஒரு தட்டு சிவப்புப் பயறும் சோறும் மேசையில் வைத்தாள். "ஒரு வருஷத்து வாடகையச் சேத்துக் கட்டிட்டேன். நாற்காலி உன்னுது."

நன்றி சொல்லிவிட்டுத் திரையைப் போட்டேன். வார இறுதியில் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. படங்கள் எல்லாம் ஒரு படி கீழே இறங்கியிருந்தன. 'வெட்டு' என்று நான் ஒட்டிய காகிதத்துக்கு நேராகத் துளி. 'அழி' என்பதற்கு நேராகக் கத்தரி. பிளாஸ்திரி மட்டும் எங்கே போனது என்று தெரியவில்லை.

துண்டுகளை நகத்தால் ஒவ்வொன்றாக உரித்தேன். பசை கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. முன்கடையில் அடுத்த குடும்பம் வந்து காத்திருந்தது. எழுந்து போக இடம் இல்லை, நின்று செய்ய முதுகு இல்லை. புதுக் காகிதம் எடுத்து வெட்டினேன்.

இப்போது முதல் வேலையாகப் படத்துக்கு ஒரு நகல் எடுத்துவிடுகிறேன். ஆனாலும் மூடும்போது கை ஒரு நொடி நிற்கிறது, அது கேட்கட்டும் என்று.