கயிற்றைத் தாண்டிய நாள்

நவம்பரில் மழை பெய்தால், வடதுருவத்தை ஒட்டிய எங்கள் யமாலில் யாருக்கும் சோறு இறங்காது. அந்த வருடம் இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் குளிர் திரும்பி, நனைந்த பனி கல்லாக இறுகிவிட்டது. பனிமான்கள் தின்னும் வெண்பாசி அதற்கடியில் இருந்தது. குளம்பால் தோண்டித் தோண்டிப் பார்த்தன. கீறல்தான் விழுந்தது.

என் கணவர் இல்கோவுக்கு நூற்றைம்பது மான்கள், அவர் தம்பி யாப்தாவுக்கு நாற்பது. காதில் வெட்டிய அடையாளம் வேறு, மந்தை ஒன்றுதான்.

யாப்தா கூடாரத்துக்குள் வந்தான். தேநீரைத் தொடவில்லை.

"அண்ணே, மந்தைய மேட்டுப்பக்கம் ஓட்டி அவுத்து விட்ருவோம். அங்க காத்து பனிய ஒதுக்கியிருக்கும். அதுங்களே மோப்பம் புடிச்சுத் தின்னுக்கும்."

"அடுத்தவன் மந்தையில கலந்துருச்சுன்னா?"

"வசந்தத்துல காதப் பாத்துப் பிரிச்சுக்கலாம். உசுரு இருந்தாத்தான காது இருக்கும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "போன வருசம் தொலைச்ச மானத் தேடிக்கிட்டுக் கூடாரம் கூடாரமா அலைஞ்ச ஆளு, எங்களுக்குப் புத்தி சொல்ல வந்துட்டாரு."

"அன்னைக்குத் தூங்கிட்டேன் அண்ணி. இன்னைக்கு முழிச்சுக்கிட்டுத்தான் சொல்றேன்."

அன்றே தன் நாற்பதைப் பிரித்து ஓட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை இல்கோ சுருக்குக் கயிற்றைப் பனியில் நீட்டி, முறுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். வண்டி இழுக்கும் மான்களைப் பிடிக்கப்போகிறார் என்று புரிந்தது.

"தம்பி சொல்றது சரிதான். நாமளும் போவோம்," என்றார்.

என் அப்பாவின் மந்தை இப்படித்தான் சிதறிப்போனது. மானில்லாத மனிதர் குடியிருப்புக்குப் போய், வீடுகளைச் சூடேற்றும் கொதிகலனுக்குக் கரி அள்ளினார், குடித்தார், செத்தார். என் புருஷனுக்கும் அந்தக் கதியா? வேண்டாம் என்று சொன்னேன், கெஞ்சினேன். அவர் நிமிரவே இல்லை. நான் நேரே நடந்து அந்தக் கயிற்றைத் தாண்டினேன்.

எங்களில் ஆண்கள் பிடிக்கும் கயிற்றைப் பெண் தாண்டினால் தீட்டு. கிளம்பும் நேரத்தில் தாண்டினால் அந்தப் பயணம் விளங்காது. தெரிந்தேதான் தாண்டினேன். இல்கோ கயிற்றைச் சுருட்டி வைத்தார். திட்டியிருக்கலாம்.

"சரி. இங்கயே இருப்போம்," என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு நாங்கள் இருவரும் கோடாரியால் பனியை உடைத்தோம். ஒரு நாள் முழுக்க உடைத்தால் பத்து மானுக்குக் காணும். குட்டை வில்லோப் புதர்களை வேரோடு வெட்டித் தீனியாகப் போட்டோம். சினை மான்கள் முதலில் விழுந்தன. அந்தக் குளிர்காலத்தில் வெள்ளை நரிகளும் அண்டங்காக்கைகளும்தான் கொழுத்தன. டிசம்பர் கடைசியில் மந்தையை வளைக்கும் நாயைக் கட்டிப்போட்டு, மான்களை அவற்றின் போக்கில் விட்டுவிட்டோம். போகவில்லை. நடக்கத் தெம்பில்லாமல் கூடாரத்தைச் சுற்றியே நின்று செத்தன.

பிப்ரவரியில் யாப்தா வந்தபோது எங்களிடம் நான்கு மான்கள் மிச்சம். அவனிடம் முப்பத்தொன்று. தன் மான்களை எங்கள் வண்டிகளில் பூட்டினான். எங்களைக் குடியிருப்பில் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. கொதிகலனில் ஆள் தேவையாம்.

வார் இறுக்கிக்கொண்டே கேட்டான்: "நீயும் வருவன்னு மேட்டுல மூணு நாள் காத்துக் கெடந்தேன் அண்ணே. ஏன் வரல?"

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"என் பிடிவாதம்தான். உன் அண்ணி போகலாம்னுதான் சொன்னா," என்றார் இல்கோ.

யாப்தா என் பக்கம் திரும்பி, "உங்களப் போயித் தப்பா நெனச்சுட்டேன் அண்ணி," என்றான்.

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.