பதினொன்றரை மணிக்குக் காட்டிய கை

"நாப்பதாம் வளைவு தாண்டிட்டான்," என்றாள் மாதம்மாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செத்துப்போன மகன் எந்த வளைவில் வருகிறான் என்று தாயே சொல்லிக்கொண்டிருப்பதை அவர்கள் இதற்குமுன் கேட்டதில்லை. ஒருவர் மூங்கிலைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

மூத்தவன் தனபால் போனை வாங்கப் பார்த்து இரண்டு தடவை தோற்றிருந்தான். தம்பி மணிவண்ணனை ஏற்றிய ஆம்புலன்சுக்குப் பின்னால் அவனுடைய படகும் ஒரு டெம்போவில் வந்துகொண்டிருந்தது. படகு எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவியை அதிலிருந்து யாரும் கழற்றவில்லை, அணைக்கவும் இல்லை. நேற்று காவிரியில் போன அதே நீலப் புள்ளி இன்று மலையேறிக்கொண்டிருந்தது.

"குடும்மா. சார்ஜு போயிரும்."

"போவாது. நேத்தும் இதத்தான் சொன்னே."



மணிவண்ணன் மலை மேலேயே ஏரிப் படகுத்துறையில் வேலை பார்த்தவன். சுற்றுலாக்காரர்களை ஏரியில் சுற்றிக்காட்டி அலுத்துப்போய், ஆற்றில் துடுப்புப் போடும் ஆசை வந்துவிட்டது. "ராகிக் களி தின்னுட்டு ஆத்துல போட்டியா?" என்று ஊரே கேலி செய்தது. மாயனூரில் கிளம்பி முக்கொம்பு வரை ஒரே நாளில் போகிற போட்டி அது. கிளம்புகிற அன்று அண்ணனின் போனில் படகுகளைப் புள்ளிகளாகக் காட்டும் பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "புள்ளி பத்து நிமிசம் நவுராம நின்னா, இந்த நம்பருக்கு அடிண்ணா."

நேற்று காலை தனபாலும் அம்மாவும் மலை விளிம்புப் பாறைக்குப் போய் உட்கார்ந்தார்கள். அங்கேதான் டவர் நன்றாகக் கிடைக்கும். வானம் தெளிந்திருந்தால் கீழே வெகுதூரத்தில் காவிரியும் தெரியும். இருந்த முப்பது புள்ளிகளில் அவர்களுடையது கடைசிப் புள்ளி. அதற்காக அவர்கள் வருத்தப்படவில்லை. போகிறானே, அது போதும் என்றிருந்தது.

குளித்தலை தாண்டியதும் புள்ளி மெதுவானது. எட்டு என்று காட்டிக்கொண்டிருந்த வேகம் மூன்றுக்கு வந்தது.

"ஏன் சாமி, அசந்துட்டானா?"

"கை சலிச்சிருக்கும். துடுப்ப மெதுவாப் போட்டுக்கிட்டுப் போறான்."

தனபாலுக்கு அது பொய் என்று அப்போது தெரியாது. அவன் மிளகுக் கொடிக்கும் மரவள்ளிக்கும் நடுவில் வளர்ந்தவன். மலையில் ஆள் விட்டுவிட்டால் மாடு நின்றுவிடும், வண்டி நின்றுவிடும், உருண்ட கல்லும் ஏதாவதொரு மரத்தில் போய் நின்றுவிடும். நகர்கிறது என்றால் யாரோ நகர்த்துகிறார்கள். அதனால் அவன் புள்ளி நிற்கிறதா என்று மட்டும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான். புள்ளி நிற்கவே இல்லை.

பதினொன்றரைக்குப் புள்ளி மலைக்கு நேர் எதிரே வந்தது. மாதம்மாள் எழுந்து நின்று தலைத்துண்டை அவிழ்த்து ஆற்றைப் பார்த்து வீசினாள். அத்தனை மைல் தள்ளி ஓடுகிற ஆறு. தனபால் சிரித்தான். பிறகு அவனும் எழுந்து நின்று கைகாட்டினான்.

பன்னிரண்டு மணிக்குப் புள்ளி நின்றது. சொன்னபடி பத்து நிமிடம் பார்த்துவிட்டு அவன் போன் அடித்தான்.

இன்று ஆம்புலன்ஸ் மலையேறி வந்ததும் அழுகை எழுந்தது. வெளியில் செத்தவனை வீட்டுக்குள் எடுப்பதில்லை என்பதால் பந்தலிலேயே கிடத்தினார்கள். நெற்றியில் தையல் போட்டிருந்தது. முகத்தில் வேறு ஒன்றும் இல்லை. மாதம்மாள் அழாமல் அவன் காதுக்குள் ஒட்டியிருந்த மணலை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கூட வந்த சிநேகிதன் மோகன்ராஜ் நாமக்கல்காரன், தம்பிக்குத் துடுப்புப் பழக்கியவன். அவன் தனபாலை டெம்போவுக்குப் பின்னால் கூட்டிப்போனான்.

"அண்ணா, படகு நின்ன எடத்துல அவன் இல்லீங்க. ஆறு கிலோமீட்டருக்கு முன்னாடியே நாணல்ல சிக்கிக் கெடந்தான். ஒன்பதே முக்காலுக்குக் கவுந்திருக்குது. பாறைல தலை பட்ட உடனே உசிரு போயிருக்கும்னு டாக்டரு சொல்றாரு. கையில கட்டுன வாட்சுல நாடித்துடிப்பும் அந்த நேரத்தோட நின்னிருக்குது."

"படகு போய்க்கிட்டே இருந்துச்சே."

"வெறும் படகுங்க."

தனபால் டெம்போவின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டான். ஒன்பதே முக்கால். பதினொன்றரை. வெறும் படகுக்குத் தாயும் மகனும் எழுந்து நின்று கைகாட்டியிருக்கிறார்கள். வேகம் குறைந்த அந்த நிமிடமே போன் அடித்திருந்தால்?

"அப்பவே சொல்லியிருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டான்ண்ணா," என்றான் மோகன்ராஜ், கேட்காமலே.

அது தனபாலின் காதில் ஏறவில்லை. அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்ற ஒன்றுதான் ஓடியது. அவளிடம் இப்போது மிச்சமிருப்பது அவன் உயிரோடு போவதாக நினைத்துப் பார்த்திருந்த அந்த இரண்டு மணி நேரம். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவளுக்கு என்ன இருக்கும்? அதோடு, மெதுவாகப் போகிறானே என்று முதலில் கேட்டவள் அவள். வாயை அடைத்தவன் இவன்.

இருவரும் பந்தலுக்குத் திரும்பியபோது மாதம்மாள் நிமிர்ந்தாள்.

"ஏங்கண்ணு மோகன்ராஜு, நேத்துப் பதினொன்றரைக்கு அவன் எங்க இருந்தான்?"

மோகன்ராஜ் தனபாலைப் பார்த்தான். பறைச் சத்தம் அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது.

"நம்ம மலைக்கு நேராம்மா," என்றான் தனபால். "பாறைல யாரோ நிக்கறாங்கன்னு பக்கத்துப் படகுக்காரங்கிட்டச் சொன்னானாம். எங்கம்மாதான்னு சொன்னானாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே பயம் வந்தது. கடைசிப் படகுக்குப் பக்கத்தில் ஏது இன்னொரு படகு? அம்மா கேட்டுவிடுவாள் என்று நின்றான். அவள் கேட்கவில்லை. நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. மோகன்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

மலையின் இன்னொரு பகுதியான ஆலத்தூர் நாட்டிலிருந்து பெரியம்மா பொன்னாயி பத்துப் பெண்களோடு மேட்டில் ஏறி வந்தாள். எழவு கேட்க வருகிறவர்களுக்கு எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்லியாகவேண்டும். மாதம்மாள் அக்காளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னாள். ராகிக் களி தின்றுவிட்டுப் போனது, புள்ளி, பாறை, துண்டு வீசியது எல்லாம் வந்தது. கடைசியில், "எங்கம்மாதான்னு சொன்னானாமே!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள்.

"நெசமாவா சாமி? அப்பிடியா சொன்னான்?" என்று பொன்னாயி தனபாலின் பக்கம் திரும்பினாள்.

"ஆமாங்க பெரியம்மா."

அவர்கள் உட்கார இடம் தேடும்போதே குண்டனி நாட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். மாதம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். நாலடி நடந்தவள் திரும்பி, "நீயும் வா சாமி," என்று அவன் கையைப் பிடித்தாள்.