அனுமதி கேட்கும் பொத்தான்

எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் கிடந்த போன் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. வாழைப்பழத்தில் சர்க்கரைப் பாகு ஏறுகிற நேரம், கையை எடுக்க முடியாது. இருந்தாலும் ரொவெனா எட்டிப் பார்த்தாள். நகராட்சி சுகாதார அலுவலகத்தின் டயாலிசிஸ் ஆவணத்தைத் திறக்க யாரோ அவளிடம் அனுமதி கேட்டிருந்தார்கள். கூடவே ஒரு குறிப்பு: "ஐயா, முன்னாடி இங்க இருந்த பொம்பள வேணும்னே எல்லாத்தையும் பூட்டிட்டுப் போயிட்டா. சீக்கிரம் திறந்து விடுங்க."

அந்தப் பொம்பள ரொவெனாதான். அந்த 'ஐயா'வும் ரொவெனாதான். ஆவணங்கள் எல்லாம் மகள் பெயரில் அவள் வைத்திருந்த சொந்த மின்னஞ்சலில்தான் இருந்தன; அனுமதி கேட்கிற பக்கம் அது யாருடையது என்று காட்டாது, யாரோ மேலதிகாரி என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். கேட்டவள் க்ளாரிஸ், புது மேயரின் மருமகள். மூன்று நாளைக்கு முன்பு வரை ரொவெனா உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

ரொவெனாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வருஷம் ஒப்பந்தத்தில் உழைத்தவளை, தேர்தல் முடிந்து ஆள் மாறியதும், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று மேயர் ஒற்றை வரி மெசேஜில் அனுப்பிவிட்டார். அவளுடைய காப்பிக் குவளையையும் செருப்பையும் அட்டைப்பெட்டியில் போட்டு வாசல் காவலாளியிடம் கொடுத்திருந்தார்கள். அக்காவின் வாழைப்பழக் கடையில் கரண்டி பிடிக்கிறாள் இப்போது. இதில் பூட்டிவிட்டுப் போன பழி வேறு.

அந்த நேரம் பார்த்து, டயாலிசிஸ் நோயாளிகளை டவுனுக்குக் கூட்டிப் போகிற வேன் ஓட்டும் நெஸ்தோர் கடைக்கு வந்தான். காலையிலிருந்து ஆபீஸ் அமர்க்களப்படுகிறதாம். நோயாளிகளின் டாக்டர் சீட்டு இருக்கிற எந்த லிங்க்கைத் தட்டினாலும் அனுமதி இல்லை என்று வருகிறதாம். பிரவுசரை மாற்றிப் பார்த்தார்கள், பழையதையெல்லாம் அழித்துப் பார்த்தார்கள், வைஃபை பெட்டியைப் பிடுங்கி மறுபடி சொருகினார்கள். மேயர் வீட்டிலிருந்து வந்த ஒரு பையன் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்கிறானாம்.

"அதெல்லாம் எக்கேடு கெட்டாவது போகட்டும்க்கா. விடிஞ்சா ஆளுங்களை ஏத்தணும். டாக்டர் சீட்டு இல்லாம டவுன்ல மெஷின்ல படுக்க வைக்க மாட்டான். தெல்மாம்மாவுக்குப் போன தடவையே வெள்ளத்துல போக முடியல. கால் தூண் மாதிரி வீங்கிக் கிடக்கு."

தெல்மாவுக்கு இன்னொரு தடவை தப்பினால் மூச்சு நின்றுவிடும். அது ரொவெனாவுக்கு நன்றாகத் தெரியும். கரண்டியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, சர்க்கரை ஒட்டிய கையோடே நெஸ்தோருடன் ஆபீஸுக்குக் கிளம்பினாள்.

க்ளாரிஸ் எழுந்திருக்கவில்லை. லிங்க்கெல்லாம் கெட்டுப்போய்விட்டது, பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றாள், கடையில் உப்பு கேட்கிற மாதிரி.

"காலைல இந்தக் கம்ப்யூட்டர்ல என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள் ரொவெனா.

"சுத்தம் பண்ணோம். உங்க போட்டோ ஒண்ணு மூலையில இருந்துச்சு, வட்டமா. அதை எடுத்துட்டோம்."

"அந்த வட்டம்தாம்மா சாவி. என் பேர்ல உள்ள போயிருந்ததாலதான் அத்தனை லிங்க்கும் திறந்துச்சு. லிங்க்கும் கெடல, பிரவுசரும் கெடல. என்னை வழிச்சுத் தூக்கிப் போட்டீங்க, கதவும் கூடவே போயிடுச்சு."

ஆபீஸ் சொத்தை எதற்குச் சொந்தப் பெயரில் வைத்திருந்தாய் என்று க்ளாரிஸ் சட்டம் பேசினாள். ஆபீஸ் பெயரில் ஒரு மின்னஞ்சல் கொடுங்கள் என்று வருஷா வருஷம் கேட்டவள் ரொவெனா. ஒப்பந்தக்காரிக்கு எதற்கு என்று சிரித்தார்கள். ஒவ்வொரு நோயாளி வீட்டுக்கும் நடந்து போய், சீட்டைப் படம் எடுத்து, ஒன்றோடொன்று இணைத்து வைத்தது யார்? அவள் போனை எடுத்து, 'ஐயா' என்று தொடங்கும் அந்தக் குறிப்பை அறை முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்.

க்ளாரிஸின் முகம் வெளுத்தது. "அது... உங்களுக்கா வந்துச்சு?"

"வேற யாருக்கு வரும்?"

நெஸ்தோரின் மின்னஞ்சலைக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்றபடி அவனுக்கு அனுமதி கொடுத்தாள். அவன் தட்டினான். சீட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, தெல்மாவுடையதும். இனி எந்த நாள் வேன் கிளம்பினாலும் சீட்டு அவன் கையில் இருக்கும்.

"எங்களுக்குத் தர மாட்டீங்களாக்கா?" என்றாள் க்ளாரிஸ். அக்கா என்ற வார்த்தை அப்போதுதான் அவள் வாயில் வந்தது.

"உங்க மாமாவைக் கேக்கச் சொல்லுங்க. வேணாம்னு சொல்லத் தெரிஞ்ச மனுஷனுக்கு வேணும்னு சொல்லவும் தெரியட்டும்."

கடைக்குத் திரும்பி அடுத்த ஈடு பழத்தை எண்ணெயில் போட்டபோது போன் துடித்தது. அனுமதி கேட்டிருந்தது மேயரேதான், தன் சொந்தப் பெயரில். குறிப்பு எழுதுகிற இடத்தைப் பார்த்தாள். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். காலியாக இருந்தது. பொத்தானை மட்டும் அமுக்கியிருக்கிறார்.

ரொவெனா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பழத்தைப் புரட்டினாள்.