மைதானத்துக்கு வந்த லயம்

ஆமாம், அதே லயம்தான். நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவுப் பள்ளி மைதானத்து நடுவில் நிற்கும், குடும்பத்துக்கு ஓர் அறையாகத் தொழிலாளர்கள் வாழும் அந்த எட்டுக் காம்பரா லயத்தை அங்கே யாரும் கட்டவில்லை. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு அது வந்து இறங்கியது.

முதியோர் இல்ல வேலைக்குப் பின்லாந்து போவதற்காக அந்த லயத்துப் பெண் அற்புதமலர் ஃபோனில் அந்நாட்டு மொழியைப் படித்துக்கொண்டிருந்தாள். அதில், நம் ‘வீட்டுக்கு’, ‘வீட்டில்’ போல, திசை பெயரின் வாலிலேயே ஒட்டியிருக்கும். ஆனால் உள்ளே நுழைய ஒரு வால், மேலே போய் உட்கார வேறொரு வால் என்று பதினைந்து வரை நீளும். இரண்டாம் மாதம் அவள் ‘தாலோஸ்தா’, அதாவது வீட்டுக்குள்ளிருந்து வெளியே, என்று சொல்லிப் பார்த்தபோது அடுப்படியில் தூங்கிய பூனை வாசலில் தூங்கியது. எதை மனத்தில் நிறுத்திச் சொன்னாளோ அது நகர்ந்தது. சனங்கள் பழகிவிட்டார்கள். பக்கத்துக் காம்பரா ஜொனி மட்டும், "தங்கச்சி, என் கொழுந்து மூட்டையும் மேல ஏறுற மாதிரி ஒரு வால் போட்டு விடேன்" என்பான்.

அந்த நவம்பர் மழையில் லயத்துக்குப் பின்னால் மலையில் கை நுழையும் அளவு வெடிப்பு விழுந்தது. ஏழு காம்பராக்காரர்களும் பள்ளிக்கு இறங்கினார்கள். அவளுடைய அப்பா அந்தோனிப்பிள்ளை மட்டும் அசையவில்லை.

"எறங்குனா தோட்டத்துக்காரங்க காம்பராவ பூட்டிருவாங்க. அப்புறம் நமக்கு எந்த வீடு?"

"மண்சரிவுல பொதஞ்சுபோன மீரியபெத்தயில இருந்தவங்களும் வீட்டுலதான்ப்பா இருந்தாங்க."

அவரை நினைத்து மூன்று தடவை ‘தாலோஸ்தா’ என்றாள். மூன்று தடவையும் வாசலில் போய் நின்றவர், திரும்ப உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். "என்னைய பூனைன்னு நெனச்சியா?" என்று பால் ஊற்றாத பிளேன்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவள் மைதானத்துக்கு இறங்கி, மழையில் நின்று, அப்பாவை விட்டுவிட்டு லயம் முழுவதையும் மனத்தில் நிறுத்தினாள். ‘கெந்தால்லே’ என்றாள், மைதானத்தின் மேலே என்று. எட்டுக் காம்பராவும் கூரைத் தகரம் சத்தம் போடாமல் வந்து அமர்ந்தன. அதற்குப் பிறகுதான் மேலே மலை சரிந்தது. லயம் நின்ற இடத்தில் மண் மட்டும் இருந்தது. அந்தோனிப்பிள்ளை ஜன்னல் வழியே எல்லோரையும் பார்த்தார். பிளேன்டி சிந்தவில்லை.

"நான் எறங்கலயே" என்றார்.

இப்போது பிள்ளைகள் லயத்தைச் சுற்றி கிரிக்கெட் ஆடுகிறார்கள்; கூரையில் பட்டால் நாலு ஓட்டம். அவர் இன்றுவரை வீட்டை விட்டுப் போவதில்லை. அவளுக்கு விசா இன்னும் வரவில்லை. பின்லாந்துக்குள்ளே என்பதற்கு ‘சுவோமேன்’ என்ற ஒரே சொல் போதும். அதை மட்டும் அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொன்னால் தனியாகப் போவாளா, எட்டுக் காம்பராவோடும் அப்பாவோடும் போய்ப் பனியில் இறங்குவாளா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?